38 அடிப் பாய்மரப் படகில் இரண்டு ஆண்டுத் தீவு வாழ்க்கை: எவற்றை ஏற்றுவது, எவற்றை விடுவது?

கரைவிடுவோன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இதுவரை இங்கே பிறர் எழுதியவற்றைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்பதற்கு எனக்கும் ஒரு கேள்வி வந்துவிட்டது. நானும் என் மனைவியும் 8 வயது மகளும் இரண்டு ஆண்டுகள் படகிலேயே வாழ முடிவு செய்து, கண்ணாடியிழையால் ஆன 38 அடி ஒற்றை உடல் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். முதல் குளிர்காலத்தைக் கரீபியன் தீவுகளில் கழித்துவிட்டு, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்கில் இறங்கி, மார்க்கேசாஸ், துவாமோத்து, தாஹித்தி, டோங்கா என்று மேற்கே போவதாகத் திட்டம்.

இப்போது படகில் இருப்பவை: மொத்தம் 400 லிட்டர் பிடிக்கும் இரண்டு நன்னீர்த் தொட்டிகள், ஒரு சிறிய ஃப்ரிட்ஜ், 200 வாட் சோலார் தகடு, 400 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர், ஃப்ரீசர், சலவை இயந்திரம், டீசல் ஜெனரேட்டர் ஆகியவை இல்லாமல் குடும்பத்தோடு கிளம்புவது அறிவீனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இவை அனைத்தையும் ஏற்றினால் எங்களுக்குப் படுக்க இடமிருக்காது. எதை முதலில் வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உப்புக்காற்று

வாழ்த்துகள். என் மனைவியும் நானும் இதே அளவுப் படகில் 6 ஆண்டுகள் இருந்தோம். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, மின்சாரக் கணக்கை எழுதிப் பாருங்கள். நீங்கள் பட்டியலிட்ட நான்கு கருவிகளுமே அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை.

வெப்பமண்டலத்தில் கடல்நீரே 28 அல்லது 29 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அறைக்குள் அதற்கும் மேலே போகும். அந்தச் சூட்டில் ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி வரை தின்னும். விளக்குகள், விசிறிகள், கைபேசிகள், இணைய இணைப்பு ஆகியவற்றையும் சேர்த்தால், நங்கூரமிட்டுச் சும்மா நிற்கும் நாளிலேயே 100-ஐத் தொட்டுவிடுவீர்கள். வரவைப் பாருங்கள்: 200 வாட் தகட்டுக்கு முழு வெயில் 5 மணி நேரம் கிடைப்பதாக வைத்தாலும், இழப்புகள் போக 60 அல்லது 65 ஆம்பியர்-மணிதான் கைக்கு வரும். ஆக, எந்தப் புதிய கருவியையும் ஏற்றாமலேயே உங்கள் படகு நாள்தோறும் கடனில் ஓடுகிறது. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். கடைசி 20 விழுக்காடு நிரம்ப நெடுநேரம் பிடிக்கும் என்பதால் அது நடைமுறையில் நிரம்புவதே இல்லை. 400 என்று எழுதியிருந்தாலும், நீங்கள் உண்மையில் புழங்குவது 120 முதல் 150 வரைதான்.

ஆகவே என் முதல் ஓட்டு சோலார் தகடுகளுக்கு. 600 வாட்டுக்குக் குறையாமல் பொருத்துங்கள். எங்கே பொருத்துகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால், நங்கூரமிட்ட படகின் அணியம் (முன்முனை) பெரும்பாலும் கிழக்கு நோக்கியே நிற்கும். காலை வெயில் முன்னாலிருந்து வரும்போது பாய்மரத்தின் நிழலும், பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் பூம் தண்டின் நிழலும் நேராகப் பின்பக்கத் தகடுகளின் மேல் விழுகின்றன. ஒரு தகட்டின் ஓரத்தில் விழும் கயிற்று நிழல்கூட அதன் விளைச்சலைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதை முதல் ஆண்டு முழுவதும் அறியாமல், மின்கலத்தையே குறைசொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஜெனரேட்டர் வேண்டாம். அது கவனித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு டீசல் எஞ்சின், அவ்வளவே. சலவை இயந்திரத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரு வாளியும் இரண்டு கால்களும் போதும்.

ஓதக்காரி

உப்புக்காற்று அவர்களின் மின்கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வாளியில் துணி மிதித்தது அவரா, அவருடைய மனைவியா என்று மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எனக்கு வாட்டர்மேக்கரே முதன்மையானது. காரணத்தைச் சொல்கிறேன். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, கடலில் குளித்து, கடைசியில் ஒரு குவளை நன்னீரை மேலே ஊற்றிக்கொள்ளும் குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் போதும். அப்படிப் பார்த்தால் மூன்று பேருக்கு 400 லிட்டர் ஏறக்குறைய 13 நாட்கள் வரும். கலபகோஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசாஸ் வரை சுமார் 3,000 கடல்மைல். உங்கள் படகு நாளொன்றுக்கு 130 கடல்மைல் ஓடினால் 23 நாட்கள். இந்தக் கணக்கில் மழையை நம்பலாம். ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு மழையை மட்டுமே நம்புவது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. மார்க்கேசாஸ் உயர்ந்த எரிமலைத் தீவுகள், அங்கே ஓடைகள் உண்டு. துவாமோத்து அப்படியில்லை, அது பவளத்தீவுக் கூட்டம். அங்கே நிலம் கடல்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர்தான் நிற்கிறது. ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. ஊரார் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கிறார்கள். மழை பொய்த்த மாதத்தில் அவர்களுடைய கரைக்கு வெற்றுக் குடங்களோடு போய் நிற்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள், கொடுப்பார்கள் என்பதால்தான் கேட்கக் கூடாது.

12 வோல்ட்டில் இயங்கி, அழுத்த ஆற்றலை மீட்டுப் பயன்படுத்தும் சிறிய வகையே உங்களுக்குப் பொருந்தும். அது ஏறக்குறைய 10 ஆம்பியர் எடுத்துக்கொண்டு மணிக்கு 25 லிட்டர் அளவில் கொடுக்கும். கடல்நீரை 55 பார் அளவு அழுத்தத்தில் சவ்வின் ஊடே தள்ளுவதுதான் அதன் வேலை. அந்தச் சவ்வுக்குக் குளோரின் ஆகாது, எண்ணெய் ஆகாது. ஆகவே துறைமுக நீரில் அதை இயக்கக் கூடாது; குழாய்நீரால் அலசுவதானால் கரி வடிகட்டி வழியாக விட வேண்டும். சில நாட்கள் ஓட்டாமல் விடுவதாக இருந்தால் நன்னீரால் அலசி வைக்க வேண்டும். வாரக்கணக்கில் விடுவதென்றால் பதப்படுத்தும் கரைசலை ஏற்ற வேண்டும். பால்மாடு வளர்ப்பதைப் போன்றதுதான்: வீட்டில் விசேஷம் என்றாலும் கறந்தாக வேண்டும்.

பாய்மடக்கி

என் கருத்து வேறு. ஜோஷுவா ஸ்லோகம் 1895-இல் புறப்பட்டு 1898-இல் திரும்பி, உலகை முதன்முதலாகத் தனியாகப் படகில் சுற்றிவந்தவரானார். அவருடைய படகில் எஞ்சினே கிடையாது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் நங்கூரமிட்ட விரிகுடாக்களில் பழுதுபார்க்கும் பலகையின் முன்னால் குனிந்திருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், மிகுதியான கருவிகளோடு வந்தவர்கள்தான். உப்பும் ஈரமும் அதிர்வும் எந்த இயந்திரத்துக்கும் விதிவிலக்கு அளிப்பதில்லை. வாட்டர்மேக்கரின் அழுத்தப் பம்பில் ஓர் அடைப்பு வளையம் கிழிந்துபோனதால், அதற்கான உதிரிப்பாகம் வந்துசேரும்வரை ஏழு வாரங்கள் ஒரே துறைமுகத்தில் கிடந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த ஏழு வாரங்களில் நாங்கள் மூன்று தீவுக்கூட்டங்களைப் பார்த்துவிட்டோம்.

மழையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 10 சதுர மீட்டர் பரப்புள்ள வெயில்மறைப்புத் துணியின் நடுவில் ஒரு குழாய் வைத்துத் தைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 100 லிட்டர் கிடைக்கும். வெப்பமண்டல மழைச்சூறை ஒன்று அரை மணியில் அதைக் கொட்டிவிட்டுப் போகும். முதல் ஐந்து நிமிட நீரை உப்பும் தூசும் போக வெளியே விட்டுவிட்டு, பிறகு தொட்டியின் வாயைத் திறந்தால் போதும். ஓதக்காரி அவர்கள் சொன்ன நீண்ட கடப்புக்கு, தொட்டிகளோடு 20 லிட்டர்க் குடங்கள் பத்தையும் கட்டிவைத்தால், மழையோடு சேர்த்துக் கணக்கு சரியாகிவிடும்.

கரைவிடுவோன்

மூவருக்கும் நன்றி. மூன்று விடைகளும் வேறுபட்டாலும், கருவி எதுவானாலும் அதற்கு நாம் வேலை செய்தாக வேண்டும் என்பதில் மூவரும் ஒத்துப்போகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். நங்கூரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. படகோடு வந்தது 16 கிலோ நங்கூரம். 30 மீட்டர் சங்கிலியும் அதைத் தொடர்ந்து 50 மீட்டர் நைலான் கயிறும் இருக்கின்றன. இது போதுமா?

உப்புக்காற்று

போதாது. நீங்கள் இதைக் கேட்காமலிருந்தால் நானே எழுதியிருப்பேன். தீவுகளிடையே வாழும் ஆண்டில் பாய் விரித்து ஓடும் நாட்கள் மிகக் குறைவு. எங்கள் நாட்குறிப்பின்படி பத்து இரவுகளில் எட்டுக்கு மேல் நங்கூரத்தில்தான் கழிந்தன. நீங்கள் நிம்மதியாகத் தூங்குவது ஃப்ரீசரால் அன்று, சேற்றிலோ மணலிலோ புதைந்து கிடக்கும் அந்த இரும்புத் துண்டால்.

கரீபியனில் 4 முதல் 8 மீட்டர் ஆழத்தில், வெண்மணலில், உங்கள் 30 மீட்டர் சங்கிலி ஒப்பேறும். பசிபிக்கில் 15 முதல் 25 மீட்டர் ஆழம் சர்வ சாதாரணம். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது நல்ல வழக்கம்; அலை எழும் இடத்தில் ஏழு மடங்கு. ஆழத்தோடு நீர்மட்டத்திலிருந்து அணியம் வரையுள்ள உயரத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். கயிறு பவளத்தில் உரசினால் ஒரே இரவில் அறுந்துவிடும் என்பதால், அங்கே முழுவதும் சங்கிலியாகவே வேண்டும். 10 மில்லிமீட்டர்ச் சங்கிலி 80 மீட்டர் என்றால் ஏறக்குறைய 180 கிலோ. அதைக் கையால் இழுக்க முடியாது. ஆகவே நங்கூரம் தூக்கும் மின்விஞ்ச் ஒன்று உங்கள் பட்டியலில் வாட்டர்மேக்கருக்கு முன்னால் வர வேண்டும். நங்கூரம் 25 கிலோ எடையில், கூர்முனை தானே மண்ணைத் தேடிக் குத்தும் புதிய வடிவங்களில் ஒன்றாக இருக்கட்டும்.

எடையும் நீளமும் சரியாக இருந்தும் நாங்கள் ஏறக்குறைய படகை இழக்க இருந்த இரவைச் சொல்கிறேன். துவாமோத்துவில் ஒரு பவளத்தீவின் காயலுக்குள் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் நுழைந்தோம். வெயில் முகத்தில் அடித்ததால் நீருக்கடியில் ஒன்றும் தெரியவில்லை. தென்கிழக்குக் காற்றுக்குத் தென்னைகள் மறைப்பாக இருந்த கரையோரம், 14 மீட்டரில் நங்கூரம் போட்டுவிட்டு, குதித்துப் பார்க்கச் சோம்பி உறங்கிவிட்டோம். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு மழைச்சூறை வடமேற்கிலிருந்து வந்தது. மாலையில் மறைப்பாக இருந்த கரை இப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் 60 மீட்டரில் இருந்தது. காயலின் அகலம் முழுவதையும் கடந்து வந்த அலைகள் ஒரு மீட்டருக்கு மேல் எழுந்தன. படகு திரும்பியபோது சங்கிலி ஒரு பவளத் திட்டைச் சுற்றிக்கொண்டது. 60 மீட்டர்ச் சங்கிலி ஒரே நொடியில் 15 மீட்டராகச் சுருங்கியதைப் போல ஆயிற்று. ஒவ்வோர் அலைக்கும் அணியம் மேலே எழ முயன்று, சங்கிலி விறைத்து, படகு முழுவதும் இடித்தாற்போல் அதிர்ந்தது. அதிர்ச்சி தாங்குவதற்காகச் சங்கிலியில் கொக்கியிட்டுக் கட்டியிருந்த நைலான் கயிறு மூன்றாம் இடிப்பில் அறுந்தது. எஞ்சினை முன்நோக்கி மெதுவாக ஓட்டி, சங்கிலிக்குச் சற்றுத் தளர்ச்சி கொடுத்தபடி விடியும்வரை சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி அணியத்தில் படுத்துக்கொண்டு, சங்கிலி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைவிளக்கால் காட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் குரல் எடுபடவில்லை. விடிந்தபின் முகமூடி போட்டுக்கொண்டு குதித்து, சங்கிலி எந்த வழியாகச் சுற்றியது என்று பார்த்து, அதே வழியில் படகைச் சுற்றிச் செலுத்தி விடுவித்தோம்.

அன்றைக்குப் பின் பழகிக்கொண்டவை இரண்டு. முதலாவது, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நங்கூரத்தைக் கண்ணால் பார்க்காமல் இரவு உணவு இல்லை. இரண்டாவது, பவளத் திட்டுகள் நிறைந்த இடத்தில் சங்கிலியின் முதல் 15 அல்லது 20 மீட்டரை மணலில் கிடக்க விட்டு, அதற்கு மேல் சில மீட்டருக்கு ஒரு மிதவை கட்டி, மீதியை நீரின் நடுவில் தொங்க விடுவது. முத்துப் பண்ணைகளிலிருந்து அறுந்து கரையொதுங்கும் மிதவைகள் அங்கே கிடைக்கும். சங்கிலி பவளத்துக்கு மேலே நீந்துவதால் சிக்கவும் சிக்காது, பவளத்தை உடைக்கவும் உடைக்காது.

ஓதக்காரி

அந்த இரவைப் படிக்கும்போதே என் கை வியர்த்தது. பிழை நங்கூரத்தில் தொடங்கவில்லை, கடிகாரத்தில் தொடங்கியது என்பதை அவரே சொல்லாமல் சொல்லியிருக்கிறார். பவளக் கடலில் சூரியன் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டுமே நுழைய வேண்டும். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு அல்லது மூன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சிதறலை வெட்டும் போலராய்டு கண்ணாடி அணிந்து உயரத்திலிருந்து பார்த்தால், கருநீலம் ஆழம், பச்சை ஆழமற்ற மணல், பழுப்பும் மஞ்சளும் பவளம். மேகத்தின் நிழலும் பவளத்தைப் போலவே தோன்றும்; ஆனால் அது நகரும். உங்கள் மகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள். எங்கள் மகன் ஒன்பது வயதில் என்னைவிட முன்னதாகத் திட்டுகளைக் கண்டுபிடித்தான்.

துவாமோத்துவில் காயலுக்குள் போகும் நுழைவாய்களைப் பற்றியும் ஒரு சொல். அங்கே ஓதத்தின் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதன்) ஏற்றவற்றம் அரை மீட்டரைக்கூட எட்டாது. அதைப் பார்த்து நீரோட்டமும் மெலிந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தெற்கிலிருந்து பெருத்த அலைகள் வரும் நாட்களில், தாழ்ந்த பவளப்பாரைத் தாண்டி நீர் காயலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் வெளியேற ஒன்றோ இரண்டோ வாய்கள்தான். அப்போது ஓத அட்டவணை என்ன சொன்னாலும் நீர் மணிக்கணக்கில் வெளிநோக்கியே பாயும். சில வாய்களில் 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்) வேகத்தையும் தாண்டும். உங்கள் எஞ்சினின் முழு வேகமே அவ்வளவுதான். வெளியே நின்று பார்த்து, வாயில் நிலைத்த அலைகள் கொதித்துக்கொண்டிருந்தால் அன்று போகாதீர்கள்.

பயணக் காலத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கரீபியனில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தென்பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பிப்ரவரி அல்லது மார்ச்சில் பனாமாவைக் கடந்தால் இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பாக நழுவலாம். சூறாவளி வட்டாரத்துக்குத் தெற்கே இருப்பதாகக் கருதி எத்தனையோ பேர் படகை விட்டுச்சென்ற கிரெனடாவை 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி தாக்கியது. அதே நாட்டின் காரியாகூ தீவில் 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகைச் சூறாவளியாகக் கரையேறியது. பருவம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மருந்துப்பெட்டி

நான் மருத்துவர், விடுப்புகளில் நண்பர்களின் படகுகளில் பணியாளாகச் சேர்ந்துகொள்பவன். உடல்நலம் பற்றி யாரும் தொடாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முதலாவது சிகுவாடெரா நஞ்சு. இறந்த பவளத்திலும் பாசியிலும் ஒட்டி வாழும் காம்பியர்டிஸ்கஸ் என்னும் நுண்ணுயிரி இதை உண்டாக்குகிறது. பாசி தின்னும் மீன், அதைத் தின்னும் மீன் என்று மேலே போகப் போக நஞ்சு செறிகிறது. ஆகவே பெரிய சீலா, களவாய் போன்ற பவளப்பார் வேட்டை மீன்களே மிகவும் ஐயத்துக்குரியவை. சமைத்தாலும் உறைய வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. மணத்திலும் சுவையிலும் தெரியாது. வயிற்றுப்போக்குக்குப் பின் உதடும் விரல்களும் மரத்து, குளிர்ந்த நீர் சுடுவதைப் போலத் தோன்றும். அந்தந்தத் தீவினரைக் கேளுங்கள். ஒரே காயலில் ஒரு பக்கத்து மீன் நல்லதாகவும் மறுபக்கத்து மீன் ஆகாததாகவும் இருப்பதுண்டு. ஆழ்கடலில் தூண்டிலில் சிக்கும் சூரைக்கு இந்த ஆபத்து இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பிடித்தவுடன் குளிரில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் பெருகி வேறு வகையில் நஞ்சாகும்.

இரண்டாவது, பவளக் கீறல். சிறிய கீறலுக்குள்ளும் பவளத் துணுக்குகள் தங்கிவிடும். வலித்தாலும் சோப்பும் நன்னீரும் கொண்டு தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆறும்வரை கடலில் இறங்கக் கூடாது என்பதுதான் எவருமே கேட்காத அறிவுரை.

கரைவிடுவோன்

இதை எழுதுவது அவரல்ல, அவருடைய மனைவி. அவர் சங்கிலியின் எடையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். நான் கேட்க நினைப்பது வேறு. 38 அடிப் படகின் உள்ளே முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்தேன், ஒன்பது எட்டுகள். இதில் தனியாக இருக்க வேண்டும் என்று தோன்றினால் எங்கே போவது? மகள் தோழிகளின்றி வளர்வாளா? மின்சாரமும் நீரும் நங்கூரமும் சரியாக அமைந்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற தொனியில் எல்லோரும் எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

ஓதக்காரி

இதை நானே எழுதியிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான். தனிமை கிடைக்காது, ஆனால் ஏற்படுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டு விதி ஒன்று: அணியத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரோடு யாரும் பேசக் கூடாது, படகு மூழ்கினாலொழிய. இது வேடிக்கையாகத் தொடங்கி, இரண்டாம் மாதத்திலேயே கண்டிப்பான சட்டமாகிவிட்டது. என் கணவர் அங்கே உட்காரும் நேரம் சமையல் நேரத்தோடு ஒத்துப்போனது தற்செயல் என்று அவர் இன்றுவரை சொல்கிறார்.

நீண்ட கடப்பில் மூவருமே தூக்கத்தில் கடன்பட்டிருப்பீர்கள். நீங்களும் அவரும் இரவில் மூன்று அல்லது நான்கு மணி நேரம் மாறி மாறிக் காவல் இருப்பீர்கள் என்பதால், இருவரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரமே நாளில் சில மணிதான். சண்டைக்கு அது போதாது, பேச்சுக்கும் போதாது. முதல் மூன்று நாட்கள் குமட்டலும் எரிச்சலுமாகக் கழியும். நான்காம் நாள் உடல் பழகிவிடும். அதுவரை எந்தப் பெரிய முடிவையும் எடுக்காதீர்கள்.

மகளுக்குத் தோழிகள் கிடைப்பார்கள். ஆனால் அவர்கள் பிரிந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். குழந்தைகளோடு திரியும் படகுகள் வானொலியில் ஒன்றையொன்று தேடிக்கொண்டு, ஒரே விரிகுடாவில் வாரக்கணக்கில் கூடிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் ஒருவருக்குக் காற்று வாய்க்கும், கிளம்பிவிடுவார்கள். என் மகன் மூன்றாவது பிரிவுக்குப் பின் புதிய சிறுவர்களோடு பேச மறுத்தான். அதிலிருந்து மீள அவனுக்கு இரண்டு மாதங்கள் ஆயின. இதற்கு எந்தக் கருவியும் இல்லை. எங்கள் பாதையைக் கொஞ்சம் மாற்றி, இன்னொரு குடும்பத்தோடு நான்கு மாதங்கள் சேர்ந்தே போனோம். நாங்கள் பார்க்க விரும்பிய இரண்டு தீவுகளை அதற்காக விட்டோம். பாடம் காலையில் நடக்கும்; எஞ்சின் பழுதான நாட்களில் நடக்காது.

அன்றாடத் தொல்லைகளும் உண்டு. கரையைச் சுற்றி வளைந்து வரும் அலை படகைப் பக்கவாட்டில் உருட்டும். காற்றுக்கு நல்ல மறைப்புள்ள விரிகுடாவில்கூடத் தட்டு மேசையில் நிற்காது. அப்போது பின்பக்கமும் ஒரு சிறிய நங்கூரம் போட்டு, அணியத்தை அலைக்கு நேராக நிறுத்த வேண்டும். அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் விடாதீர்கள், கரப்பான் முட்டைகள் அதில்தான் ஏறிவருகின்றன. மெத்தையின் அடியில் காற்றுப் போக இடமில்லாவிட்டால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். வாழைத்தாரை முழுதாக வாங்கினால் அவ்வளவும் ஒரே நாளில் பழுக்கும். மூன்று பேர் எத்தனை பழம் தின்ன முடியும்?

பாய்மடக்கி

அம்மா கேட்ட கேள்விக்குப் பின் என் மழைநீர்க் கணக்கு சிறுத்துத்தான் தெரிகிறது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நான் தனியாகவும், பின்னர் ஒரே ஒரு நண்பரோடும் மட்டுமே பயணம் செய்தவன். ஒரு குவளை நன்னீரில் குளிப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஓர் 8 வயதுக் குழந்தையின் மேல் சுமத்த எனக்கு உரிமையில்லை. வாட்டர்மேக்கர் வாங்குங்கள். ஆனால் வால்வுகளைக் கையாலேயே திறந்து மூடும் எளிய அமைப்பாகப் பாருங்கள். தானியங்கிப் பலகை உள்ளவற்றில் முதலில் சாவது அந்தப் பலகைதான். அடைப்பு வளையங்களின் இரண்டு தொகுதிகளை முன்கூட்டியே வாங்கி எடுத்துச் செல்லுங்கள். மழைத்துணியையும் தைத்துக்கொள்ளுங்கள்.

கரைவிடுவோன்

மீண்டும் நானே. எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து படித்தோம். சோலார் தகடுகள் 600 வாட், 25 கிலோ நங்கூரம், 80 மீட்டர்ச் சங்கிலி, மின்விஞ்ச், சிறிய வாட்டர்மேக்கர், மழைத்துணி. ஃப்ரீசரும் ஜெனரேட்டரும் சலவை இயந்திரமும் வேண்டாம். முதல் குளிர்காலம் முழுவதும் கரீபியனிலேயே பழகிவிட்டு, மகளுக்கும் மனைவிக்கும் ஒத்துவந்தால் மட்டும் பனாமா. இல்லாவிட்டால் அங்கேயே சூறாவளிப் பருவத்துக்கு முன் படகைத் தெற்கே கொண்டுபோய் விடுவோம். அணியத்தில் உட்காரும் விதி இப்போதே வீட்டு மாடிப்படியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே பெரும்பாலும் என் மகள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று: பழைய 16 கிலோ நங்கூரத்தையும் கயிற்றையும் விற்றுவிடலாமா?

உப்புக்காற்று

விற்காதீர்கள். ஓதக்காரி அவர்கள் சொன்ன பின்நங்கூரம் அதுதான். 10 மீட்டர்ச் சங்கிலியோடு கயிற்றைச் சேர்த்துப் பின்பக்கப் பெட்டியில் வையுங்கள். தரைதட்டிய நாளில் சிறு படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஆழத்தில் போட்டு, படகை இழுத்து மீட்கவும் அது உதவும்.

புதிய சங்கிலியை ஏற்றுவதற்கு முன், சங்கிலி அறைக்குள் தலையை விட்டு, பழைய சங்கிலியின் கடைசிக் கண்ணி படகோடு எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பல படகுகளில் இரும்பு வளையத்தால் பூட்டி, அது துருவேறித் திறக்க முடியாமல் இருக்கும். என் படகில் அப்படித்தான் இருந்தது. அந்த இரவில் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு ஓட நினைத்தபோது எனக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று. கடைசிக் கண்ணியை மூன்று மீட்டர் கயிற்றால் கட்டுங்கள், முழுச் சங்கிலியும் ஓடி முடிந்தால் அந்தக் கயிறு மேல்தளம் வரை வர வேண்டும். அதன் அருகிலேயே உறையோடு ஒரு கத்தியையும் கட்டித் தொங்கவிடுங்கள்.

கரைவிடுவோன்

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரும்பு வளையம்தான், துருவேறியிருக்கிறது. நாளை அறுக்கிறேன்.